எலும்புப்புரையும் குருத்தணு மருத்துவமும்

அகவை அறுபதைக் கடந்த தாய்மார் குளியலறையில் வழுக்கி விழுந்தனர், இடுப்பெலும்பு முறிந்தது என்னும் செய்தி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. அவர்கள் மாடியிலிருந்து விழுந்தவர் அல்லர். நின்ற இடத்திலேயே விழுந்தவர்கள். இளமையில் அதே வீழ்ச்சி ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். எலும்பு உள்ளீடு குறைந்து புரையோடியிருந்தமையே முறிவுக்குக் காரணம் என்பதை, மருத்துவர் படம் பிடித்துப் பார்த்த பின்னரே குடும்பத்தார் அறிகின்றனர். அதுவரை நோவுமில்லை, காய்ச்சலுமில்லை. இந்நோயை மருத்துவ உலகம் ஆஸ்டியோபோரோசிஸ் என வழங்குகிறது. ‘ஆஸ்டியான்’ என்னும் கிரேக்கச் சொல் எலும்பையும், ‘போரோஸ்’ என்பது துளையையும் குறிக்கும். அதனைத் தமிழில் எலும்புப்புரை என்பது மிகப் பொருத்தமான ஆக்கமாகும்.

இந்நோய்க்கு ‘ஸ்டெம் செல்’ மருத்துவம் வந்துவிட்டது, ஊசி ஒன்றினால் எலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்னும் பேச்சு இப்போது ஊர்தோறும் கேட்கிறது. அப்பேச்சில் மெய் எவ்வளவு, விழைவு எவ்வளவு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் மருத்துவத்திற்கு என்ன இடம் என வினவுவாரும் உளர். இக்குழப்பத்தின் ஒரு பாதி சொற்குழப்பம் என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

சொல்லும் பொருளும்

பேச்சு வழக்கில் ‘எலும்புத் தேய்மானம்’ என்னும் ஒரே தொடர் இருவேறு நோய்களைச் சுட்டி நிற்கிறது. ஒன்று, முழங்கால் முதலிய மூட்டுகளில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்வது. நடக்கும்போது வலி, மாடிப்படி ஏறும்போது வலி என அது தன்னை உடனே அறிவித்துக்கொள்ளும். மற்றொன்று எலும்புப்புரை. இங்குத் தேய்வது ஏதுமில்லை. எலும்பின் உட்கட்டு மெலிந்து, வலைப்பின்னலின் இழைகள் அறுந்து போகின்றன. முன்னதற்கு மருத்துவம் செய்வோர் மூட்டுக்குள் ஊசி இடுவர். பின்னதோ உடலெங்கும் உள்ள எலும்புகளைத் தாக்குவது. ஒரு மூட்டில் இடும் ஊசி அதனைத் தீர்க்க இயலாது. ‘எலும்புத் தேய்மானத்திற்கு ஸ்டெம் செல்’ எனத் துண்டறிக்கை கண்டு செல்லும் மூதாட்டிக்கு, தம் நோய் இவ்விரண்டில் எது என்பதே தெரிவதில்லை.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என வழங்குகிறோம். வாழையின் நடுவே சுருண்டு நின்று புத்திலையாய் விரியும் குருத்தை எண்ணி அமைந்த அழகிய சொல் அது. எனினும், குருத்தெலும்பு என்பது பழகிய சொல்லாதலின், குருத்தணு என்பது குருத்தெலும்பின் அணுவோ எனச் சிலர் மயங்குகின்றனர். இவ்வணுவுக்கு ஐரோப்பியர் இட்ட முதற்பெயரை நோக்கின் மயக்கம் தெளியும். செருமானிய உயிரியலறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868-இல் ‘ஸ்டாம்செல்லெ’ என்னும் சொல்லை ஆண்டார். செருமானிய மொழியில் ‘ஸ்டாம்’ என்பது அடிமரம் என்றும் பொருள்படும். குலம், வழிவழி மரபு என்றும் பொருள்படும். ஆகவே குலத்தின் முதலாய் நிற்கும் அணு என்பதே அப்பெயரின் உட்கருத்து. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும், பல தொழிலுக்குரிய அணுக்களைத் தன் வழித்தோன்றல்களாகப் பிறப்பிக்கவும் வல்ல அணுவே குருத்தணுவாகும். இக்‘குலம்’ என்னும் கருத்து இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

எலும்பு உயிருள்ளது

எலும்பைக் கல்போன்ற உயிரற்ற பொருளாகக் கருதுவது வழக்கம். மெய்யில் அது ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் மாளிகை. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. இப்பணியை இருவகை அணுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. எலும்பரிப்பணு பழைய எலும்பைக் கரைத்துக் குழி தோண்டும். எலும்பாக்கணு அக்குழியை நிரப்பும். ஓரிடத்தில் தோண்டுதற்குச் சில வாரங்களே போதும். நிரப்புதற்கோ மூன்று நான்கு திங்கள் வேண்டும். இடிப்பது எளிது, கட்டுவது அரிது என்பதற்கு உடலுக்குள்ளேயே ஒரு சான்று!

முப்பது அகவை வரை வரவு மிகுதி. பின்னர்ச் செலவு மெல்ல மேலோங்கும். பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைய, அரிப்பணுக்களைத் தடுத்து நின்ற கை விலகுகிறது. சில ஆண்டுகளிலேயே எலும்பு விரைந்து கரைகிறது. இத்தொடர்பை 1940-களின் தொடக்கத்தில் தெளிவுறுத்தியவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். 1994-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோய்க்கு ஓர் அளவுகோல் வகுத்தது. நலமான இளையோரின் சராசரி எலும்படர்த்தியினின்று 2.5 திட்ட விலக்கம் அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருப்பின் அது எலும்புப்புரை எனப்படும். ‘டெக்ஸா’ என்னும் கதிர்ப்படச் சோதனை இதனை அளந்து காட்டும்.

ஆண்களுக்கு இந்நோய் இல்லை என்பார் கூற்று பிழையானது. அவர்க்குச் சற்றுப் பிந்தி வரும். இடுப்பு முறிந்தபின் அவர் மீள்வது பெண்டிரினும் அரிது.

ஒரே மச்சை, இரண்டு குலம்

எலும்பின் உட்கூட்டில் நிறைந்திருக்கும் மென்பொருளை மச்சை என்கிறோம். கறிக்கடையில் ‘நல்லி எலும்பு’ எனக் கேட்டு வாங்குவோர் விரும்பி உறிஞ்சுவது இதனையே. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளுள் என்பிற்கு அடுத்து வரும் ‘மூளை’ என்பதும் தலையிலுள்ள மூளையன்று, இம்மச்சையே.

இம்மச்சைக்குள் இருவேறு குருத்தணுக் குலங்கள் வாழ்கின்றன. ஒன்று குருதிக்குலம். செவ்வணு, வெள்ளணு, தட்டணு யாவும் இதன் வழித்தோன்றல்கள். இதன் இருப்பை 1961-இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லா ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். மற்றொன்று, மச்சையைத் தாங்கி நிற்கும் சட்டகத்தின் குலம். 1960-களிலும் 1970-களிலும் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் மச்சையிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த சில அணுக்கள், வேறிடத்தில் பதிக்கப்பட்டபோது எலும்பாய் வளர்ந்தன. இவற்றிற்கு 1991-இல் அமெரிக்கர் ஆர்னால்டு காப்லன் ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ எனப் பெயர் சூட்டினார். யாம் இதனை இடைத்திசுக் குருத்தணு என்போம்.

எலும்பைக் கட்டும் ஆக்கணு இவ்விடைத்திசுக் குலத்தில் பிறக்கிறது. எலும்பைக் கரைக்கும் அரிப்பணுவோ குருதிக்குலத்தில் பிறக்கிறது. ஒரே வீட்டில் குடியிருந்து ஒரே சுவரில் வேலை செய்யும் கொத்தனாரும் இடிப்பவரும் வெவ்வேறு குலத்தினர்! குருத்தணு மருத்துவம் எலும்பு நோயில் எங்கு வென்றது, எங்குத் தயங்கி நிற்கிறது என்பதற்குத் திறவுகோல் இதுவே.

வென்ற இடம்

எலும்பு நோயொன்றைக் குருத்தணு மாற்றத்தால் தீர்க்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அந்நோய் எலும்புப்புரையன்று. அதற்கு நேர் எதிரானது. 1904-இல் செருமானியக் கதிர்ப்பட மருத்துவர் ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் விரித்துரைத்த பளிங்கெலும்பு நோயில் எலும்பு அளவுக்கு மீறிக் கெட்டியாகிறது. அரிப்பணு தன் தொழிலைச் செய்யாமையால் பழைய எலும்பு கரையாது தங்கி, மச்சைக்குரிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. குருதி ஊற இடமின்றிக் குழந்தை சோகையுறும். நரம்புத் துளைகள் நெருக்குண்டு பார்வையும் கெடும்.

1980-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவர் குழு, இந்நோயுற்ற ஐந்து திங்கள் பெண் குழந்தைக்கு அதன் உடன்பிறந்தானின் மச்சையைச் செலுத்தியதை வெளியிட்டது. சோகை நீங்கியது, எலும்பு கரைந்து புதுவடிவு பெறலாயிற்று. கொடுத்தவன் ஆண், பெற்றவள் பெண் ஆதலின், ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமைத் தேடி அணுக்கள் யாருடையவை எனக் கண்டறிய முடிந்தது. அரிப்பணுக்கள் சகோதரனுடையவையாக இருந்தன. ஆக்கணுக்களோ அக்குழந்தையின் சொந்த அணுக்களாகவே இருந்தன.

இம்முடிவின் இரண்டாம் பகுதியே எம் பொருளுக்கு முதன்மையானது. மச்சையைச் செலுத்தியபோது குருதிக்குலம் புதுவீட்டில் வேர்பிடித்தது. இடைத்திசுக் குலம் வேர்பிடிக்கவில்லை. பளிங்கெலும்பு நோய்க்கு வேண்டியது அரிப்பணு, அது கிடைத்தது. எலும்புப்புரைக்கு வேண்டியது ஆக்கணு. அதுவோ நோயாளியின் உடலில் குடியேற மறுக்கிறது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இத்தடை சற்று நெகிழ்ந்தது. 1999-இல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த எட்வின் ஹார்விட்ஸ் குழுவினர், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் கொண்ட மூன்று குழந்தைகளுக்கு மச்சை மாற்றம் செய்ததை அறிவித்தனர். உடல் வளர்ச்சி கூடிற்று, முறிவுகள் குறைந்தன. கொடையாளியின் ஆக்கணுக்களும் எலும்பில் காணப்பட்டன. எவ்வளவு? நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படவில்லை. நூற்றுக்கு இரண்டு என்பது எள்ளத்தக்கதன்று. ஆயினும் வளரும் குழந்தையின் எலும்பு வேறு, எழுபது அகவையினரின் எலும்பு வேறு.

தயங்கி நிற்கும் இடம்

எலும்புப்புரையில் குருத்தணுவைப் பயன்கொள்ள நினைப்பார் எதிர்கொள்ளும் இடர்கள் பல. முதலாவது வழிப்பயணம். கைந்நரம்பில் செலுத்தப்பெறும் இடைத்திசுக் குருத்தணுக்கள் இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரலுக்குச் செல்கின்றன. அங்குள்ள மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் அவற்றுள் பெரும்பாலானவை சிக்கிக்கொள்கின்றன. எலும்பைச் சென்றடைவன மிகச் சில. இவ்விடருக்கு ஒரு தீர்வு காண முயன்றவர் ஹார்வர்டின் இராபர்ட் சாக்ஸ்டைன். குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள புரதமொன்றில் ஒருவகைச் சர்க்கரையைப் பொருத்தினால், மச்சையின் குழாய்ச்சுவர் அதனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் என அவர் குழு 2008-இல் காட்டியது. மடலுக்கு முகவரி எழுதுதல் போன்றதே இம்முறை. இம்முறையில் முகவரியிட்ட அணுக்களை எலும்புப்புரை உற்ற மிகச் சிலருக்குச் செலுத்திப் பார்க்கும் தொடக்கநிலை ஆய்வொன்று ஸ்பெயினில் பதிவுசெய்யப்பட்டது. தொடக்கநிலை ஆய்வு என்பது தீங்கு விளைகிறதா என முதன்மையாகப் பார்ப்பது. நோய் தீர்கிறதா என்பதை முடிவு கட்டுவதன்று.

இரண்டாவது இடர், அணுவின் முதுமை. நோயாளியின் சொந்த மச்சையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்துத் திரும்பச் செலுத்தலாம் என்பர். எழுபது அகவையினரின் குருத்தணுவுக்கும் எழுபது அகவை ஆகியிருக்கிறது என்பதை இவர்கள் சொல்வதில்லை. இடைத்திசுக் குருத்தணு எலும்பாகவும் ஆகலாம், கொழுப்பாகவும் ஆகலாம். முதுமையில் அது கொழுப்பின் பக்கமே சாய்கிறது. இளையோர் மச்சை செந்நிறமாய் இருக்க, முதியோர் மச்சை மஞ்சளித்துக் கொழுப்பு நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது இடரே பெரிது எனக் கருதுகிறோம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து, உடலுழைப்பு அருகி, உண்ணும் சுண்ணச்சத்தும் வெயிலால் வரும் வைட்டமின் டியும் போதாத உடலில், புதிய ஆக்கணுவை நட்டாலும் அரிப்பணுவின் வேகம் குறையப்போவதில்லை. நிலம் வறண்டிருக்க நாற்றைக் குறைகூறிப் பயனென்ன?

இவ்விடர்கள் எல்லாம் இருந்தும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2016-இல் டொரான்டோப் பல்கலைக்கழகத்தாரும் ஒட்டாவா மருத்துவமனையாரும் இணைந்து, முதுமையால் எலும்பு மெலியும் இயல்புடைய எலிகளுக்கு நலமான எலிகளின் இடைத்திசுக் குருத்தணுக்களை ஒரே முறை செலுத்தினர். ஆறு திங்களுக்குப் பின்னும் அவ்வெலிகளின் எலும்பு நன்னிலையில் இருந்தது. எலியின் வாழ்நாளில் ஆறு திங்கள் சிறுபொழுதன்று. இச்செய்தியே ‘ஒரே ஊசியில் குணம்’ எனத் திரிந்து நம் ஊர் வரை வந்தது போலும். எலிக்கும் மனிதர்க்கும் இடையிலுள்ள தொலைவைச் செய்தி கடந்துவிடுகிறது. மருந்து அவ்வாறு கடப்பதில்லை.

2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், எலும்பும் குருத்தெலும்பும் தந்து கொழுப்பாக மாறாத மனித எலும்புக் குருத்தணுவை இனங்கண்டனர். ஃபிரீடன்ஸ்டைன் வழிவந்த ஆய்வில் இது ஒரு நல்ல முன்னேற்றம். பெயரிட்ட காப்லனோ 2017-இல் தாமே முன்வந்து, இடைத்திசுக் குருத்தணு என்னும் பெயரை மாற்ற வேண்டும் என எழுதினார். உடலில் செலுத்தப்பெறும் இவ்வணுக்கள் புதுத்திசுவாக வளர்வதைவிட, அருகிலுள்ள அணுக்களுக்கு மருந்துபோன்ற குறிப்புகளைச் சுரந்து அனுப்புவதே மிகுதி என்பது அவர் கருத்து. ‘ஸ்டெம் செல்’ என்னும் பெயர் நோயாளரை ஏமாற்ற வழிவகுக்கிறது எனவும் அவர் வருந்தினார். தாம் சூட்டிய பெயரைத் தாமே திரும்பப் பெற முனையும் அறிஞர் எத்துணைப் பேர்!

உள்ளிருக்கும் குருத்தைத் துயிலெழுப்பல்

வெளியிலிருந்து அணுவைக் கொணர்வதே குருத்தணு மருத்துவம் என எண்ணுதல் வேண்டா. உடலில் ஏற்கெனவே உள்ள எலும்பாக்கும் குலத்தைத் தூண்டிவிடும் மருந்துகள் இன்று கையில் உள்ளன. 2002-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற டெரிபாரடைடு அவற்றுள் ஒன்று. நாள்தோறும் தோலடியில் இடும் ஊசி அது. 2019-இல் இசைவு பெற்ற ரோமோசோசுமாப் மற்றொன்று. இதன் வரலாறு சுவையானது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு மிகத் தடித்து வளரும் பிறவி நோய் இருந்தது. அவர்களிடம் ஸ்கிளீரோஸ்டின் என்னும் புரதம் இல்லை என 2001-இல் தெரியவந்தது. எலும்புக்குள் சிறையிருப்பது போல் வாழும் அணுக்கள் ‘கட்டியது போதும்’ என ஆக்கணுவுக்கு அனுப்பும் ஆணையே அப்புரதம். அவ்வாணையைத் தடுத்தால் கட்டும் பணி தொடரும் அன்றோ? அதைத்தான் இம்மருந்து செய்கிறது. ஓர் அரிய நோய் பொதுநோய் ஒன்றிற்கு மருந்து காட்டியது.

அரிப்பணுவை அடக்கும் மருந்துகளோ இன்னும் பழையவை. அலெண்ட்ரோனேட் மாத்திரை 1995 முதலும், ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 2007 முதலும் இந்நோய்க்கு வழங்கி வருகின்றன. இவை முறிவைக் குறைக்கின்றன என்பது ஆயிரக்கணக்கானோரிடம் செய்த ஆய்வுகளால் நிலைபெற்றது. யாருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே துணிதல் வேண்டும். உணவில், மாதவிலக்கு நின்ற மகளிர்க்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணச்சத்து வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறும். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டு. கூழைக் கைவிட்டு மாத்திரையைத் தேடும் நம் வழக்கம் குறித்துத் தனிக்கட்டுரையே எழுதலாம்.

சட்டமும் சந்தையும்

நம் நாட்டில் குருத்தணு மருத்துவமே இல்லை எனவும் எண்ணற்க. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மச்சை மாற்றம் நடைபெற்று வருகிறது. குருதிப் புற்று, தலசீமியா முதலிய நோய்களுக்குக் குருதிக்குலக் குருத்தணுவை மாற்றுவது ஏற்கப்பெற்ற மருத்துவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதனைத் தெளிவாக வரையறுக்கின்றன. குருதி சார்ந்தனவும் அவற்றோடு ஏற்கப்பெற்றனவுமான நோய்களுக்கு அப்பால், பிற நோய்களுக்குக் குருத்தணுவைச் செலுத்துவது முறையாக இசைவு பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நிகழலாம். வணிக மருத்துவமாக விற்றல் கூடாது என்பது அந்நெறி. எலும்புப்புரை அவ்வேற்புப் பட்டியலில் இல்லை.

இந்நெறிமுறைகளின் பெயர் வரலாற்றைத் தமிழ் பயில்வோர் கவனித்தல் நன்று. 2007-இல் முதலில் வெளிவந்தபோது அதன் தலைப்பு ‘குருத்தணு ஆராய்ச்சிக்கும் மருத்துவத்திற்குமான நெறிமுறைகள்’ எனும் பொருளில் அமைந்திருந்தது. 2013-இல் திருத்தியபோது ‘மருத்துவம்’ என்னும் சொல்லை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, ‘ஆராய்ச்சி’ என்பதை மட்டும் நிறுத்தினர். இன்னும் ஆய்வாக இருப்பதை மருத்துவம் என அழைத்தால் மக்கள் மயங்குவர் என்பதே காரணம். ஆட்சித்துறை ஆவணமொன்று சொல்லாட்சியில் இவ்வளவு நுணுக்கம் காட்டுவது அரிது.

எலும்புப்புரைக்குக் குருத்தணு ஊசி உண்டு என எவரேனும் அழைத்தால், கேட்க வேண்டியவை இரண்டே. இது ஆய்வாயின், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் யாது? 2009 முதல் மருந்தாய்வுகளுக்கு இப்பதிவு கட்டாயம். எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவெண் உண்டாயின், அடுத்தது கட்டணம் பற்றியது. ஆய்வுக்கு உடன்படும் நோயாளியிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் பெறுதல் நெறியன்று. எண் இல்லாது பணம் மட்டும் கேட்கப்படுமாயின் அது ஆய்வுமன்று, ஏற்கப்பெற்ற மருத்துவமுமன்று. அத்தொகையில் சிறு பகுதியைக் கொண்டே டெக்ஸா சோதனை செய்து, எலும்பின் அடர்த்தியை அறிந்து, மேலே கூறிய மருந்துகளுள் ஒன்றை மருத்துவர் மேற்பார்வையில் இன்றே தொடங்கிவிடலாம்.